செக்கர் வீட்டு மீன் தொட்டி

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வருகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செக்கர் அப்படி நினைத்ததே இல்லை. முகம் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கட்சி. டிக்கெட் வைத்திருக்கிறவன் கை நேராகச் சட்டைப் பைக்குப் போகும். வைத்திருக்காதவன் கை முதலில் இடது பைக்குப் போய், அப்புறம் வலது பைக்குப் போய், கடைசியில் பின்பக்கம் போய் ஊரைச் சுற்றிவிட்டு வெறுங்கையாகத் திரும்பும். அதற்குள் செக்கர் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எங்க ஏறினீங்க?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதையில்தான் பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வேலையைக் கழற்றி மாட்டத்தான் அவருக்கு ஓர் ஆணி கிடைக்கவில்லை. ரொட்டி வாங்கினால் நடுத் துண்டை உருவி முகர்ந்து பார்ப்பார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எதிர் வீட்டுக்காரர் சும்மா சிரித்தால்கூட, இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறார் என்று அரை நாள் யோசிப்பார். யாராவது கோபித்துக்கொண்டால் அவரிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது.

"தப்பு பண்ணாதவங்களுக்குச் சோதனையில என்னங்க வலி?"

பஸ்ஸில் இதைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் ஏராளம். வீட்டில் அதை அதிகம் கேட்டது அவர் மனைவி. காய்கறிப் பையைத் துழாவும்போதும், கைப்பையைத் திறந்து பார்க்கும்போதும், போனில் யார் என்று மூன்றாம் முறையாகக் கேட்கும்போதும் அதே வாக்கியம்தான். அவளும் வாயடைத்துத்தான் போனாள். ஆனால் பஸ்ஸில் வந்தவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள், இவளால் அது முடியவில்லை.

அவளுக்கு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேசை வேலை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, வரிசையாக உள்ளே அனுப்ப வேண்டும். அங்கே காத்திருப்போர் அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. உள்ளே துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டு நடுங்குகிறவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டாவது உட்காரட்டும் என்று டாக்டர் வைத்தது. முதலில் வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் வந்து அதைப் பராமரித்தார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து இவள் கற்றுக்கொண்டாள். பிறகு சனிக்கிழமைதோறும் நோயாளிகள் போனதும் கொஞ்ச நேரம் தங்கி, தண்ணீர் மாற்றுவது அவள் வேலையாகிவிட்டது. சொல்லப்போனால், வாரம் முழுவதிலும் அவள் விரும்பிச் செய்த ஒரே வேலை அதுதான்.

சனிக்கிழமை தாமதமாக வருகிறாள். கை ஓரம் நனைந்திருக்கிறது. செக்கருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரு நாள் வாசலிலேயே நிறுத்தி, கையைப் பிடித்து முகர்ந்தார்.

"குளத்து வாடை அடிக்குது. எங்க போயிட்டு வர?"

"மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்தினேங்க."

"பல்லு புடுங்குற இடத்துல மீனுக்கு என்ன வேலை?"

அவள் எவ்வளவோ சொன்னாள். எவ்வளவு விளக்கமாகச் சொன்னாளோ அவ்வளவுக்கு அது ஜோடித்த கதையாக அவருக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை செக்கர் என்ன செய்தார் தெரியுமா? கன்னத்தோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, அவள் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து கிளினிக்குக்குள் நுழைந்தார். இன்னொரு பெண்ணிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு, தாடையைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பி வந்து, முக்காலியில் ஏறி, முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு ஒரு செடியை நேராக நட்டாள். கண்ணால் பார்த்தாயிற்று. எழுந்து போயிருக்கலாம். அதற்குள் அவர் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டவள் அவள்தான்.

அவள் துணி கட்டிய முகத்தைப் பார்க்கவில்லை. தான் காலையில் துடைத்து வைத்த பழுப்பு நிறப் பூட்ஸைப் பார்த்தாள். "அடுத்தது நீங்கதான். உள்ள போங்க" என்றாள், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வது போல. அத்தனை பேர் முன்னால் செக்கருக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே போனார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, தேடித் துருவி, பின்னால் சொத்தையாகிப் போன ஒரு கடைவாய்ப் பல்லைக் கண்டுபிடித்துப் பிடுங்கியும் விட்டார். துப்பறியப் போன மனிதர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை அவள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று செக்கர் நினைத்தார். மழைக்காலம் வந்து போயிற்று. போன் செய்தால் அவளுடைய அக்காதான் எடுப்பார். "அவ குளிச்சிட்டு இருக்கா" என்பார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள் என்று செக்கர் அதையும் சந்தேகப்பட்டார். ஆனால் வீட்டில் முட்டையை வேகவைத்துத் தனியாகத் தின்னும்போது, சந்தேகப்படக்கூட எதிரே ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கடைசியில் சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில் நேரில் போய் நின்றார்.

அவள் கூடத்துக்கு வந்தாள். அக்கா உள்ளே போகாமல் கதவோரமாகவே நின்றார்.

"வரேன்" என்றாள் அவள். "ஆனா வீட்ல ஒரு மீன் தொட்டி வைப்பேன். அது என் பொறுப்பு. அதுல நீங்க கை வைக்கக் கூடாது, சோதிக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை கை வச்சீங்கன்னாலும் நான் பெட்டிய எடுத்துட்டு இங்க வந்துடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

"இந்த வீட்ல அவ கட்டில் போட்டது போட்டபடியேதான் இருக்கும்" என்று அக்கா கதவோரத்திலிருந்து சேர்த்துக்கொண்டார்.

"மீன் தொட்டிதானே, வச்சுக்கோ" என்றார் செக்கர். சொல்லும்போதே உள்ளே ஒன்று குடையத் தொடங்கிவிட்டது. உலகத்தில் எவ்வளவோ இருக்க, ஏன் மீன் தொட்டி? அதில் மட்டும் ஏன் கை வைக்கக் கூடாது?

தொட்டி வாங்க இருவரும் சேர்ந்தே போனார்கள். கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த அதே வண்ணமீன் கடைக்காரர். நீளமான இருட்டுக் கடை, இரண்டு பக்கமும் வெளிச்சம் போட்ட தொட்டிகள், நடுவில் ஈரத் தரை. அந்த ஆள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். பேசும்போதெல்லாம் அவர் கண் ஏதாவதொரு தொட்டியிலேயே இருக்கும். செக்கர் அதை உடனே மனதில் குறித்துக்கொண்டார்.

அவள் நடுத்தரத் தொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பின்பக்கக் கண்ணாடியில் தொங்கவிடும் ஃபில்டர்கள் வரிசையாக இருந்தன. ஒரு மோட்டார் தண்ணீரை உறிஞ்சி, வெளியே தொங்கும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் வழியாகவும் பீங்கான் வளையங்கள் வழியாகவும் விட்டு, மறுபடி தொட்டிக்குள் அருவியாக ஊற்றும் சாதனம். தொட்டிக்குப் பொருத்தமானது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை செக்கர் கையில் எடுத்தார்.

"அட்டையில போட்டிருக்கிறத நம்பாதீங்க சார்" என்றார் கடைக்காரர், நீலத் தொட்டி ஒன்றைப் பார்த்தபடி. "சும்மா ஓட்டிப் பார்த்து எழுதினது அது. உள்ள ஸ்பாஞ்ச் வச்சு, அழுக்கு சேர்ந்தா வேகம் பாதியாயிடும். ஒரு சைஸ் பெருசாவே எடுங்க."

நம்பாதீர்கள் என்று ஒரு வியாபாரி சொன்னது செக்கருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் போயிற்று. ஒரு சைஸ் பெரிது என்றதும் அந்தப் பிடிப்பு விட்டுப்போயிற்று. ஆனால் அவள் ஏற்கெனவே பெரியதைக் கையில் எடுத்திருந்தாள்.

"அந்த ஆரஞ்சு மீன் நல்லாருக்கே, கண்ணுக்கு நிறைவா" என்று செக்கர் தங்கமீன்களைக் காட்டினார்.

"அது இந்த அளவோட நிக்காதுங்க, வளர்ந்துட்டே போகும். கழிவும் அதிகம், நம்ம தொட்டி தாங்காது" என்றாள் அவள். "சின்னதா, கூட்டமா நீந்துற மீன் கொஞ்சம். அடியில மேயுறது ரெண்டு மூணு. அது போதும்."

"சரி, அதையே பிடிச்சுக் குடுங்க."

கடைக்காரர் முதல்முறையாகத் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். "இன்னைக்கா? இன்னைக்கு மீன் தர மாட்டேன் சார். முதல்ல தொட்டி சும்மா ஓடட்டும். அப்புறம் வாங்க. அப்பவும் மொத்தமா தர மாட்டேன், கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

விற்க வந்தவன் விற்க மாட்டேன் என்கிறான். செக்கரின் இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் விளக்கிக்கொண்டு வந்தாள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கே விஷம், அதைத் தின்று தீர்க்கிற நல்ல பாக்டீரியா ஃபில்டருக்குள் குடியேற வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்கு முன்னால் மீனை விட்டால் செத்துப்போகும். செக்கர் உம் கொட்டிக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று குடியேறுகிறதாம். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லித்தான் உலகத்தில் பாதிப் பேர் மற்ற பாதிப் பேரின் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

தொட்டி கூடத்தில் குடியேறியது. மணல், கல், நான்கு செடி, நிறையத் தண்ணீர், இரவு பகலாக ஓடும் மோட்டார். மீன் மட்டும் இல்லை. தினமும் காலையில் அவள் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவினாள். இல்லாத மீனுக்குத் தீனி! செக்கர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகப் பார்த்தார்.

"மீனே இல்லியே, யாருக்குச் சாப்பாடு?"

"அது அழுகி அம்மோனியா வரணும்ங்க. அதைத் தின்னாத்தானே பாக்டீரியா வளரும்."

அழுகுவதற்காகப் போடுகிறாளாம். செக்கர் பேப்பரைத் திருப்பினார், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

சந்தேகம் அதோடு நிற்குமா? சமையலறை மூலையில் ஒரு வாளியை மூடி வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகட்டும் என்று வைத்ததாம். தொட்டியில்தானே கை வைக்கக் கூடாது, வாளியில் வைக்கலாமே என்று செக்கர் மூடியைத் தூக்கி, உற்றுப் பார்த்து, ஒரு விரலை நனைத்து நாக்கிலும் வைத்துப் பார்த்தார். தண்ணீர்தான். அதுவே அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் அவள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். ஒரு நாள் பச்சை. இன்னொரு நாள் வெளிர்பச்சை. பச்சை வெளுக்க வெளுக்க அம்மோனியா குறைகிறதாம். பார்த்துவிட்டுத் தனக்குள் லேசாகச் சிரித்துக்கொள்வாள். தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று செக்கர் நினைத்துப் பார்த்தார். ஒரு குழாய்த் தண்ணீரின் மேல் அவருக்குப் பொறாமை வந்தது.

இதற்கிடையில் அவர் கையை அடக்கிக்கொண்டுதான் இருந்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். கூடத்தில் நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் குழாயில் மஞ்சள் நிறம் வந்தது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "அம்மோனியா சுத்தமா இல்லைங்க. தொட்டி தயாராயிடுச்சு. நாளைக்கு வேலை விட்டு வரும்போது மீன் வாங்கிட்டு வந்துடுறேன்" என்றாள்.

மறுநாள் செக்கருக்கு வார விடுமுறை. வீட்டில் தனியாக இருந்தார். மோட்டார் முணுமுணுத்தது. இத்தனை வாரமாக என்னதான் ஓடுகிறது இதற்குள்? அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? யோசிக்க யோசிக்க அவருக்கு ஒரு சட்டப் பாயிண்ட் கிடைத்தது. ஃபில்டர் தொட்டிக்கு வெளியே அல்லவா தொங்குகிறது! தொட்டியில் கை வைக்காதே என்றுதானே பேச்சு? பஸ்ஸில் இப்படி ஒரு நியாயத்தை எவனாவது சொல்லியிருந்தால் அபராதத்தைத் தீட்டி, கழுத்தைப் பிடித்து இறக்கியிருப்பார்.

மோட்டாரை நிறுத்தி, பெட்டியின் மூடியைத் திறந்தார். வெள்ளை ஸ்பாஞ்ச் பழுப்பேறி வழுவழுவென்று இருந்தது. அதன் பின்னால் கையை விட்டதும் இன்னொன்று தட்டுப்பட்டது. கத்தரிக்கோலால் வெட்டிய பழைய ஸ்பாஞ்ச் துண்டு, கருத்துப்போய், சேறு வாடையோடு. செக்கரின் கண் பளபளத்தது. மாட்டிக்கொண்டானா கடைக்காரன்! புது ஃபில்டர் என்று சொல்லி, உள்ளே எவன் வீட்டிலோ ஓடிய பழைய சரக்கைச் செருகிக் கொடுத்திருக்கிறான். கண்ணைப் பார்க்காமல் பேசும்போதே தெரியும்.

ஆனால் இதை யாரிடம் சொல்வது? சொன்னால் திறந்து பார்த்தது தெரிந்துவிடும். கையும் களவுமாகப் பிடித்த ஒரு மோசடியை வெளியே சொல்ல முடியாமல் மென்று விழுங்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் நின்றார். சரி, வாங்கியது வாங்கியாயிற்று, பாவம் அவளாவது சுத்தமான ஃபில்டரோடு மீன் வளர்க்கட்டும் என்று முடிவு செய்தார். அதில் அன்பும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. இரண்டு ஸ்பாஞ்சையும் வளையங்களையும் சமையலறைக்குக் கொண்டுபோய், வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்தார். கறுப்புக் கறுப்பாக ஓடியது. நுரை போகிற வரை குழாயடியில் பிடித்துப் பிழிந்தார். எல்லாம் பழையபடி வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, பெட்டியில் பட்ட விரல் அடையாளத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியில் ஒரு தேநீர் போட்டுக் குடித்தார்.

சாயங்காலம் மீன்கள் வந்தன. நீலக்கோடு போட்ட குட்டி மீன்கள் ஒரு சின்னக் கூட்டம், அடியில் மீசையால் மணலைக் கிளறுகிற மீன்கள் இரண்டு. அவள் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, மெதுவாகத் திறந்துவிட்டாள். கூட்டம் ஒரு செடியை வளைத்துக்கொண்டு ஒன்றாகத் திரும்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இதப் பாருங்களேன்!"

செக்கர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தோளில் அவள் தோள் பட்டது, அவள் நகரவில்லை. தொட்டி வெளிச்சத்தில் இருவரும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி இருக்க முடியும் என்பது இந்த வீட்டுக்கே மறந்துபோயிருந்தது.

நாலைந்து நாள் அந்த சந்தோஷம். பிறகு ஒரு காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. அவள் ஓடிப்போய்க் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். சொட்டு விட்டதும் கரும்பச்சை. வாளித் தண்ணீரை ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி மாற்றினாள். அப்படியும் மூன்று மீன் செத்து மிதந்தன. மறுநாள் இன்னும் இரண்டு. அவள் ஃபில்டர் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஃபில்டரத் தொட்டீங்களா?"

"நானா? நான் எதுக்குத் தொடப் போறேன்?"

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவர் காதிலேயே விழுந்தது. நன்றாகப் பழகிய குரல். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்கிறவனிடம் டிக்கெட் இருக்காது, இது அவர் புதிதாகச் சேர்கிற செக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அவர் கை இடது பையையும் வலது பையையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. அடுத்து என்ன கேட்பாளோ என்று கட்டிவைத்திருந்த பதில்கள் எல்லாம் அவர் வாயிலேயே தங்கிவிட்டன.

தான் கழுவியதால் கெட்டது என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. சுத்தம் செய்ததால் எது சாகும்? நோய் பிடித்த மீனை அந்த ஆள் தலையில் கட்டியிருக்கிறான், அன்றைக்கே விட்டுவைத்தது தப்பு என்று நினைத்து, இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று சீருடையோடேயே கடைக்குப் போனார்.

"வித்த மீன் செத்துப்போச்சு" என்றார் வாசலிலிருந்தே.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தண்ணி சோதிச்சாங்களா சார்?"

"கரும்பச்சையாம்."

"அப்படி ஏற வாய்ப்பில்லையே. மேடம் அவ்வளவு நிதானமா தயார் பண்ணாங்க. கிளினிக் தொட்டி ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு வெட்டிட்டுப் போய் உள்ள வேற வச்சாங்க, பாக்டீரியா சீக்கிரம் பரவட்டும்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அவர் ஒரு தொட்டியைப் பார்த்தபடி யோசித்தார். "ஸ்பாஞ்ச் இப்ப என்ன நிறத்துல இருக்கு?"

"அதெல்லாம் சுத்தமா இருக்கு, வெள்ளை வெளேர்னு" என்றார் செக்கர், குறை அங்கே இல்லை என்று காட்டும் வேகத்தில்.

கடைக்காரர் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரை நேராகப் பார்த்தார். "அந்தப் பழுப்புதான் சார் பாக்டீரியா குடியிருந்த இடம். அது போச்சுன்னா தொட்டிக்குப் புதுசா முதல்லேர்ந்து ஆரம்பம். யாரோ கழுவியிருக்காங்க." மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பி, "மேடம் கழுவியிருக்க மாட்டாங்க" என்றார்.

செக்கர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் கழுவவில்லை. இந்தக் கணக்கைப் போட எந்தச் செக்கரும் தேவையில்லை. அவர் சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தார். பஸ்ஸில் ஏறவில்லை, நடந்தே போனார். சொன்னால் பெட்டியை எடுப்பாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கடைக்காரன் சொன்னாலும் மறுத்துவிடலாம், அவன் வியாபாரி, இவர் அரசாங்கச் சீருடை. தப்பிக்க எத்தனை பைகள் இருக்கின்றன என்று மனம் ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டே வந்தது. தன் வாழ்நாள் முழுவதும் எதிரே நின்று பார்த்த அந்தத் துழாவல் உள்ளே இருந்து பார்த்தால் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்து தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"என் மேலதான் தப்புக்கா. எங்கயோ அவசரப்பட்டுட்டேன். எனக்கு இது கூடச் சரியா வரல. மிச்சம் இருக்கிறத கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். தொட்டியும் வேணாம்."

அவள் போனை வைக்கிற வரை செக்கர் நின்றார். கக்கத்திலிருந்த தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"நான்தான் கழுவினேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ மீன் வாங்கிட்டு வந்தியே, அன்னைக்குப் பகல்ல. உள்ள பழைய ஸ்பாஞ்ச் இருந்துச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சேன்."

"எதுல கழுவினீங்க?"

"தண்ணிலதான்." மறுபடி அந்தக் குரல். அதை அவரே திருத்திக்கொண்டார். "வெந்நீர்ல. சோப்புத் தூளும் போட்டேன்."

அவள் எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"ஸ்பாஞ்ச் வெளுத்துக் கெடந்தத நான் பார்க்கலன்னு நெனச்சீங்களா? பார்த்தேன். பார்த்துட்டுத்தான் உங்கள கேட்டேன். நீங்க இல்லன்னு சொன்னீங்க." அவள் தொட்டி மூடியைச் சரிசெய்தாள். "அக்கா வீட்லேர்ந்து வரும்போதே ஒரு முடிவோட வந்தேன், இந்த மனுஷன் சொல்றத நம்பணும்னு. யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல. கண்ணு பார்த்தது பொய்யா இருக்கும், ஸ்பாஞ்சத் தொட்ட என் கையில சோப்பு வாசனை வந்தது பிரமையா இருக்கும், நான்தான் தப்புப் பண்ணியிருப்பேன்னு நெனச்சேன்."

செக்கரை இதுவரை யாரும், எந்த ஆதாரத்துக்கும் எதிராக, அப்படி நம்பியதில்லை. அவரும் யாரையும் நம்பியதில்லை. அது முழுதாகவே அவருக்குக் கிடைத்திருந்தது, ஒரே ஒரு பொய்யில் தொலைத்துவிட்டு நிற்கிறார். அழுகை வந்தது. அழுதார்.

பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து இரண்டு நாள் கூடத்தில் நின்றது. எப்போது தூக்குவாள் என்று அவர் அதைப் பார்த்துப் பார்த்துச் செத்தார். அவள் தூக்கவில்லை. பிழைத்துக் கிடந்த மீன்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்று அக்காவிடம் போனில் சொன்னாள், அவர் காதுபடவே. கிளினிக்கிலிருந்து இன்னொரு ஸ்பாஞ்ச் துண்டை வெட்டிக்கொண்டு வந்தாள். தினமும் தண்ணீர் மாற்றினாள். மூன்றாம் நாள் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. ஆனால் இரும்புப் பூட்டு ஒன்று அதன் மேல் புதிதாகத் தொங்கியது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை. நேராக ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கையக் காட்டுங்க."

செக்கர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் குனிந்து, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மீன்கள் தேறி, தொட்டி தெளிந்து, இரண்டாம் தவணை மீன்கள் வந்து சேர்ந்த பிறகும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அவர் பஸ்ஸில் கேட்பது போல மரியாதையாகத்தான் கேட்டாள்.

இப்போதும் செக்கர் தினமும் பஸ்ஸில் ஏறுகிறார், டிக்கெட் கேட்கிறார். யாராவது முகம் சுளித்தால் அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வருகிறது. சொல்வதில்லை. இந்தக் கை அன்றைக்கு அப்புறம் அந்தத் தொட்டியின் பக்கமே போனதில்லை, சத்தியமாகப் போனதில்லை. ஆனாலும் சாயங்காலம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து நின்று கையை நீட்டுகிறார். அவள் முகர்ந்து பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும் வலிக்கிறது.